உங்களுக்குத் தெரியுமா? கூடத்துச் சுவரில் 80 அங்குலத் திரை

★ தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டுபோனது ஒரு செகண்ட் ஹேண்ட் ப்ரொஜெக்டர். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். சென்னை எஸ்பிளனேடிலும் காட்டினார்.

★ அலுவலகங்களில் ஓடிக் கழிந்த விளக்கு வகை ப்ரொஜெக்டர்கள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாம். ஆனால் விளக்கின் ஆயுள் என்று போட்டிருக்கும் மணிக்கணக்கு, அது அணைந்துபோகும் கணக்கு அல்ல. பொதுவாக வெளிச்சம் பாதியாகக் குறையும் கணக்கு. மெனுவில் ஓடிய மணி நேரம் தெரியும். அதைப் பூஜ்யமாக்கவும் வழி உண்டு. எனவே புது விளக்கு கிடைக்குமா, என்ன விலை என்பதை முதலில் கேளுங்கள். சில சமயம் ப்ரொஜெக்டரை விட விளக்கு விலை அதிகம்.

★ தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடப்பட்டது. அடுத்த வருடம் ஜூலையில், வட சென்னையின் குத்துச்சண்டைக் கதையான 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்கே வராமல் நேராக அமேசான் ப்ரைமில் வெளியானது. தங்கள் தெருவின் கதையை இந்தப் பகுதி மக்கள் போனிலும் டிவியிலும்தான் பார்க்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் ஒரு பெரிய திரை இருக்கவேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

★ ஆண்ட்ராய்டு உள்ளேயே இருக்கும் மலிவு ப்ரொஜெக்டரில் ஓடிடி படம் மங்கலாகத் தெரிந்தால், குறை லென்ஸில் இல்லாமலும் இருக்கலாம். வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத கருவிக்கு நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஹெச்டி படத்தை அனுப்புவதில்லை. சாதாரணத் தரத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஹெச்டிஎம்ஐ துளையில் ஒரு ஃபயர் ஸ்டிக்கைச் செருகினால் இந்தச் சிக்கல் தீரும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

★ பெட்டியில் '4கே சப்போர்ட்' என்றிருந்தால், 4கே கோப்பைக் கொடுத்தால் ஓட்டும் என்று மட்டும்தான் பொருள். பார்க்கவேண்டிய சொல் 'நேட்டிவ்', அதாவது கருவியில் உண்மையிலேயே இருக்கும் புள்ளிகள். நேட்டிவ் 1920 x 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1280 x 720 என்றால் 9.2 லட்சம். 800 x 480 என்றால் 3.84 லட்சம்தான்; சுவர் அளவுக்கு விரித்தால் எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். முழு ஹெச்டி வேண்டுமென்றால் 1080-க்குக் கீழே இறங்கவேண்டாம்.

★ வெளிச்சத்தின் அளவான லுமன்ஸில்தான் ஏமாற்று அதிகம். ஆன்ஸி என்ற தர முறையில் திரையை 9 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுப்பார்கள். வெறும் 'லுமன்ஸ்' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. இன்னொன்று: தியேட்டர் திரையின் வெளிச்சத்தை 80 அங்குலத் திரையில் கொண்டுவர, இருட்டு அறையில் ஏறத்தாழ 270 ஆன்ஸி லுமன்ஸ் போதும். 120 அங்குலத்துக்கு விரித்தால் பரப்பு இரண்டேகால் மடங்கு, 600 தேவைப்படும்.

★ ஆனால் எல்லோருக்கும் ராத்திரி கிடைப்பதில்லை. எண்ணூர் லேலண்ட், மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் என்று நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குப் படம் பார்க்க வாய்ப்பதே பகலில்தான். திரைச்சீலை இழுத்துவிட்ட கூடத்தில்கூட 300 லுமன்ஸ் வெளிறிப்போகும். அந்த வீடுகளுக்கு 2,000 ஆன்ஸிக்கு மேல் வேண்டும். பட்ஜெட் அவ்வளவு இல்லையென்றால் நல்ல டிவிதான் சரி. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

★ ராயபுரம் பக்கத்து 10 அடி அறைக்கு 100 அங்குலப் படம் அடங்குமா? த்ரோ ரேஷியோ என்ற எண்ணைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால் தேவையான தூரம் வரும். 100 அங்குலப் படத்தின் அகலம் ஏழேகால் அடி. ரேஷியோ 1.2 என்றால் எட்டேமுக்கால் அடி வேண்டும். கருவிக்கும் வயருக்கும் இடம் விட்டால் ஆள் உட்கார இடம் இருக்காது. 80 அங்குலத்துக்கு 7 அடி போதும். ஓரமாக வைத்து, கோணலைச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதியில் நேராக்கிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிச் சரிக்கட்டும்போது காசு கொடுத்த புள்ளிகளில் ஒரு பகுதி அணைந்துவிடும்.

★ வட சென்னைக்காரர்கள் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கேட்கவேண்டிய கேள்வி: படத்தை உருவாக்கும் உள் எஞ்சின் மூடியதா, திறந்ததா? மலிவான ஒற்றை எல்சிடி கருவிகள் பலவற்றில் காற்றாடி வெளிக்காற்றை நேராக எல்சிடி தகட்டின் மேலேயே ஊதும். எண்ணூரில் அந்தக் காற்றில் நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் இருக்கும்; காசிமேட்டில் ஜன்னல் கம்பியைத் துருவாக்கும் உப்பு ஈரம். உள்ளே தூசி ஒட்டிவிட்டால் இருட்டுக் காட்சியில் ஓரம் கலங்கிய சாம்பல் திட்டு தெரியும். ஃபோகஸைத் திருப்பத் திருப்ப அது பெரிதாகிச் சிறிதாகுமே தவிரப் போகாது, கழற்றித்தான் துடைக்கவேண்டும். மூடிய எஞ்சின் உள்ளதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். வடிகட்டி உள்ள மாடல் என்றால் அதை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். படம் முடிந்ததும் சூடு ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடிவிட வேண்டாம்.

★ 2025 செப்டம்பர் 22 முதல் ப்ரொஜெக்டருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் என்றால், 12,800 ஆக இருந்தது இப்போது 11,800.

★ பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கப்போனால் கடைக்காரரின் டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் எல்லாம் பளிச்சென்ற பூவும் கடலும்தான் இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். ராத்திரிக் காட்சியை ஓட்டி, கறுப்புச் சட்டைக்கும் கறுப்புச் சுவருக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் ஓடும் இடத்தில் நிறுத்தி, நான்கு மூலை எழுத்தும் நடு எழுத்தைப்போலவே கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒலியை முழுக்கக் குறைத்து ஒரு நிமிடம் காற்றாடிச் சத்தத்தைக் கேளுங்கள். வீட்டில் அது உங்கள் தலைக்குப் பக்கத்தில் ஓடும். சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கையில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.