அறுவைக்குப் பின் மூன்றாம் நாள்

"ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று மருத்துவர் வெளியே வந்து சொன்னவுடன், தாழ்வாரத்தில் காத்திருக்கும் குடும்பத்தார் பெருமூச்சு விடுவதை, நோயாளரைக் காணச் செல்லும் நாம் பன்முறை கண்டிருக்கிறோம். ஆயின் கணையத்தில் கத்தி வைத்த அறுவையிலோ, உண்மையான காத்திருப்பு அன்றுதான் தொடங்குகிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு. இன்சுலினைச் சுரப்பது அதுவே என்பதை நீரிழிவு நோயுள்ள இல்லத்தார் அறிவர். நாம் உண்ணும் மாவையும் கொழுப்பையும் இறைச்சியையும் செரிக்கச் செய்யும் நீரைச் சுரப்பதும் அதுவே. அதன் தலைப்பகுதியில் புற்று கண்டால், அப்பகுதியையும், அதனை வளைத்துக் கிடக்கும் முன்சிறுகுடலையும், பித்தநாளத்தில் ஒரு பகுதியையும் அகற்றிவிட்டு, எஞ்சிய கணையத்தைப் பெரும்பாலும் குடலோடு தைத்து இணைக்கின்றனர். 1935-இல் இதனை விவரித்து எழுதிய அமெரிக்க வல்லுநர் ஆலன் விப்பிளின் பெயராலேயே இவ்வறுவை வழங்குகிறது. ஜெர்மனியின் வால்ட்டர் கௌஷ் இதையொத்த அறுவையைச் செய்து 1912-லேயே வெளியிட்டார் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

தைத்த இடம் கசிவதே பேராபத்து. இறைச்சியைச் செரிக்கும் நீர் வயிற்றறைக்குள் சிந்தினால் சீழ் பிடிக்கிறது. அருகிலுள்ள இரத்தக் குழாயின் சுவர் அரிக்கப்பட்டு, நாட்கள் பல கழிந்த பின்னும் திடீரென இரத்தம் பெருக்கெடுக்கலாம்.

யாருக்குக் கசியும் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? 2013-இல் அமெரிக்க மருத்துவர் குழுவொன்று 0 முதல் 10 வரையிலான மதிப்பெண் முறையை வகுத்தது. கணையத்தின் மென்மை, அதன் நாளத்தின் குறுக்களவு, நோயின் தன்மை, அறுவையின்போது இழந்த இரத்தம் ஆகிய நான்கும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. இதில் வியப்பு யாதெனில், நலமாயிருக்கும் கணையமே அதிகம் கசிகிறது! வெண்ணெய் போன்ற அதன் சதையைத் தையல் நூல் அறுத்துவிடுகிறது. நாளமும் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இராது. நெடுநாள் அடைபட்டு இறுகிய கணையமோ நூலைத் தாங்குகிறது, நாளமும் விரிந்திருக்கிறது. ஆகவே பித்தநாள முனையில் சிறு கட்டியுள்ளவருக்கு, கணையப் புற்று உடையவரைவிடக் கசிவின் அபாயம் மிகுதியாக இருக்கக் கூடும். "சிறிய கட்டிதானே, அஞ்ச வேண்டாம்" என்று நாமே ஒருமுறை ஆறுதல் கூறிப் பின்னர் நாணியதுண்டு.

மதிப்பெண் ஜாதகமன்று. எவரைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும் என்பதையே அது சொல்லும். அடுத்த சான்று, வயிற்றிலிருந்து வெளிவரும் வடிகுழாயில் கிடைக்கிறது. மூன்றாம் நாளிலோ அதன் பின்னரோ அந்நீரில் அமிலேஸ் என்னும் நொதி, இரத்தத்தில் இருக்கத்தக்க உச்ச அளவினும் மும்மடங்குக்கு மேல் இருப்பின் அது கசிவு என 2005-இல் பன்னாட்டு வல்லுநர் வரையறுத்தனர். 2016-இல் அதைத் திருத்தி, நோயாளருக்குத் தீங்கு விளைவிக்காதவிடத்து எண் மட்டும் உயர்வதைச் சிக்கலாகக் கொள்ள வேண்டியதில்லை என்றனர். எண்ணைக் கேட்டதும் கலங்கும் உறவினர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

முன்னறிதலால் உயிர் பிழைக்கிறதா? நெதர்லாந்தில் கணைய அறுவை செய்யும் 17 மருத்துவமனைகள் சேர்ந்து 1,748 நோயாளரிடம் இதனைச் சோதித்தன. முடிவு 2022-இல் வெளியாயிற்று. மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை நாள்தோறும் நோயாளரின் நிலையையும் இரத்தப் பரிசோதனையையும் வடிநீரையும் பார்த்து, எப்போது ஸ்கேன் எடுப்பது, எப்போது ஊசிவழிக் குழாய் செலுத்திச் சீழை வடிப்பது, எப்போது நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குவது, எப்போது வடிகுழாயை எடுப்பது என்பவற்றை ஒரே விதிப்படி முடிவு செய்தனர். புதிய மருந்தில்லை; புதிய கத்தியுமில்லை. எனினும் கடும் இரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் இவற்றில் ஒன்றேனும் நேர்ந்தோர் நூற்றுக்கு 14-லிருந்து 8-ஆகவும், 90 நாளுக்குள் இறந்தோர் 5-லிருந்து 3-ஆகவும் குறைந்தனர்.

எனவே, வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இவ்வறுவை நேர்ந்தால், "கணையம் மென்மையாக இருந்ததா? நாளம் எவ்வளவு அகலம்?" என்று அறுவை வல்லுநரிடம் பணிவோடு கேட்கத் தயங்காதீர்கள். வடிகுழாயில் சிறிதளவேனும் செந்நிறம் புதிதாகத் தோன்றினால், அது பெரும் இரத்தப்போக்கின் முன்னறிவிப்பாக இருக்கலாம். நள்ளிரவானாலும் செவிலியரை அழையுங்கள். வீடு திரும்பியிருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.