மாடிப்படியும் ஓர் அமானிதமே

ஒளுச் செய்யாமல் தொழுகை கூடாது என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஆயினும், நிலைவாசலைத் தாண்டியதும் நம் தூய்மை ஏன் நின்றுவிடுகிறது? அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வீட்டில் கூட்டிய குப்பை மாடிப்படி மூலையில் ஒதுங்குகிறது; காலணிகள் வழியை அடைக்கின்றன. "பொது இடந்தானே" என்ற ஒரு சொல்லில் அனைவரின் பொறுப்பும் கரைந்து போகிறது.

அன்பர்களே! பொது இடம் என்பது உரியவர் இல்லாத இடமன்று. எல்லோர்க்கும் உரிய இடம். அது நம் ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.

அடுக்குமாடியில் வாழ்வோர்க்கென்றே கூறியது போன்ற ஓர் உவமை ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெற்றனர். தண்ணீருக்காக மேலே சென்று பிறர்க்குத் தொல்லை தருவதைவிட, தங்கள் பகுதியில் ஒரு துளையிட்டுக் கொள்ளலாமெனக் கீழ்த்தளத்தார் கருதினர். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

இன்று நம் கட்டடங்களில் அத்தகைய துளை எது? மூடப்படாத தண்ணீர்த் தொட்டியும், பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீருமே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நீரில்தான் பெருகுகிறது. மூன்றாம் மாடியில் தேங்கிய நீர், கீழ்வீட்டுப் பச்சிளங் குழந்தையைக் காய்ச்சலில் கிடத்திவிடக் கூடும்.

அக்கொசுவின் முட்டை, கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. எனவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினாலே அதன் வளர்ச்சி அறுபடும். ஆனால், பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆதலால் தேய்த்துக் கழுவுதல் அவசியம். இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மொட்டைமாடித் தொட்டிக்கும் ஒரு மூடி வேண்டாமா?

ஜும்ஆவுக்காகக் குளித்துத் தூய்மை பெறும் வெள்ளிக்கிழமையையே இப்பணிக்குரிய நாளாக்கிக் கொள்ளுங்கள். தட்டுகளைக் கழுவுங்கள், தொட்டி மூடியைச் சரிபாருங்கள், உங்கள் வாசல் முன்னுள்ள படிகளைப் பெருக்குங்கள்.

"துப்புரவுப் பணியாளர் இருக்கிறாரே" என்பீர்கள். அவர் வருவது நாம் குப்பை வீசுவதற்கான அனுமதியாகாது. "அடுத்த வீட்டார் செய்யவில்லையே" என்பீர்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அதை அங்கே போட்டவர் யாரெனத் தேடும்படி கூறப்படவில்லை. அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும், அவர்க்குத் தீங்கு நேராமல் காப்பது நம் கடமை.

நம் இல்லத்தின் தூய்மை பிறர் இல்லத்திற்கும் நலமாக அமைந்திட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.