ஆளுக்கு ஆள் மாற்று: எது நியாயமான பரிமாற்றம்?

துறைமுக ஊரில் வாழும் நமக்குப் பண்டமாற்று புதிதல்ல. ஆனால் விளையாட்டுலகில் ஆளுக்கு ஆள் மாற்றும் வழக்கமும் உண்டு என்று நான் சொன்னபோது, எங்கள் வலைப்பந்தாட்ட அணியினர் நம்ப மறுத்தார்கள். அதை விளக்கவே இக்கட்டுரை.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் 30 அணிகள் உள்ளன. ஒரு வீரர் இத்தனை ஆண்டு, இவ்வளவு சம்பளம் என்று ஓர் அணியோடு ஒப்பந்தம் செய்கிறார். அந்த ஒப்பந்தத்தை நிர்வாகம் இன்னோர் அணிக்குக் கைமாற்றலாம். பெரும்பாலும் வீரரின் சம்மதம் தேவைப்படாது. சம்பளச் செலவுக்கு 1984 முதல் உச்சவரம்பு இருப்பதால், அதைத் தாண்டிய அணிகள் மாற்றும்போது இரு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். வருங்காலத்தில் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். 1971இல் மில்வாக்கி அணிக்குக் கிண்ணம் வென்று கொடுத்தவர் கரீம் அப்துல் ஜப்பார். இஸ்லாத்தைத் தழுவிய அவருக்கு அந்நகரம் பண்பாட்டளவில் பொருந்தவில்லை. தன்னை நியூயோர்க்குக்கோ லொஸ் ஏஞ்சல்ஸுக்கோ மாற்றுமாறு 1974இல் கேட்டார். 1975 ஜூனில் அவரும் இன்னொருவரும் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குப் போக, நான்கு வீரர்கள் மில்வாக்கிக்கு வந்தார்கள். லேக்கர்ஸ் அணியில் அவர் மேலும் ஐந்து முறை கிண்ணம் வென்றார். மில்வாக்கிக்கு வந்த நால்வரில் பிரையன் விண்டர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மன் ஆகியோரின் இலக்கங்களை அவ்வணி பின்னர் வேறெவருக்கும் கொடுக்காமல் கௌரவித்தது.

மற்றது 2025 பெப்ரவரியில் நடந்தது. முந்தைய ஆண்டில் டலஸ் அணியை இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்ற லூகா டொன்சிச், அந்தோனி டேவிஸுக்கு மாற்றாக லேக்கர்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவர் கேட்கவுமில்லை, அவரிடம் கேட்கப்படவுமில்லை. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் டலஸின் பொது முகாமையாளர் பதவி இழந்தார்.

இப்போது என் கற்பனைப் பரிமாற்றம். இலங்கையில் பெண்களுக்குத் தொழில்முறை வலைப்பந்தாட்டம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். களத்தில் ஏழு பேர். கோல் போடக்கூடியவர்கள் இருவர் மட்டுமே. திருகோணமலை அணியில் சிறந்த கோல் ஷூட்டர்கள் மூவர், நல்ல கோல் கீப்பர் இல்லை. யாழ்ப்பாண அணியில் நிலைமை தலைகீழ். மூன்றாவது ஷூட்டரைக் கொடுத்து ஒரு கீப்பரை வாங்குவோம். நமது வீராங்கனையின் மாதச் சம்பளம் 60,000 ரூபாய், அவர்களுடையவரின் சம்பளம் 55,000 என்றால் கணக்கு ஏறக்குறைய ஈடு. மூன்றாவதாக அமர்ந்திருந்தவருக்கு அங்கே விளையாட இடம் கிடைக்கும். இரு அணிக்கும் இலாபம்.

ஆனால் நான் ஒரு நிபந்தனை சேர்ப்பேன்: இரு வீராங்கனைகளும் கையொப்பமிட வேண்டும். நான் ஒன்பதாம் தரத்தில் படித்தபோது, எண்ணிக்கையைச் சமப்படுத்துவதற்காக என்னை ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். காரணம் சரியானதே. எனினும் அறிவித்தல் பலகையில் என் பெயரைப் பார்த்துத்தான் நான் அறிந்துகொண்டேன். அந்த வருடம் ஓடினேன், மனம் ஓடவில்லை.

நம் ஊரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1782இல் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தனர்; அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர்; சமாதானத்தின்பின் அது மீண்டும் ஒல்லாந்தருக்குப் போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்ப வந்தனர். 1802இல் அமியன் உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. ஐரோப்பாவில் கையெழுத்திட்டவர்கள் இக்கரையில் வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெற்றோர்களே, பாடசாலை மாற்றமோ உயர்தரத்தில் பாடப்பிரிவுத் தெரிவோ, பிள்ளையின் நன்மைக்காகவே நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். கணக்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முடிவுக்கு முன் ஒரு தடவை, "உனக்கு விருப்பமா மகள்?" என்று கேளுங்கள். தோழிகளே, அப்படிக் கேட்கும்போது தலைகுனிந்து நிற்காமல் காரணத்தோடு பதில் சொல்ல நாமும் பழகிக்கொள்வோம்.