மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் என்னாகும்? கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

கம்ப்யூட்டரின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. புதிதாக ஒன்று மாட்டி ஆன் செய்தால் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால், திரையின் வலது ஓரத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக ஒரு வரி! காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் எங்கே போனது? மறுபடியும் வாங்க வேண்டுமா?

பல நேரங்களில் தேவையில்லை. உங்களிடம் இருப்பது எந்த வகை லைசென்ஸ், பழைய போர்டைக் கழற்றும் முன் என்ன செய்தீர்கள் என்ற இரண்டும்தான் இதை முடிவு செய்யும்.

மதர்போர்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதலே, கம்ப்யூட்டரின் பாகங்களை வைத்து அதற்கு ஓர் அடையாளம் உருவாக்கப்படுகிறது. நமக்குக் கைரேகை மாதிரி. 2015இல் விண்டோஸ் 10 வந்த பிறகு, இந்த அடையாளம் மைக்ரோசாப்ட் சர்வரில் பதிவாகிறது. இதுதான் 'டிஜிட்டல் லைசென்ஸ்'.

ரேம் கூட்டினாலோ, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலோ பொதுவாகப் பிரச்சினை வராது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது கீ கேட்டால், 'என்னிடம் கீ இல்லை' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் போதும். இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் மதர்போர்டை மாற்றினால், மைக்ரோசாப்ட் பார்வையில் அது வேறொரு கம்ப்யூட்டர்.

உங்களுடையது எந்த வகை?

ஓஇஎம்: லேப்டாப்புடன் சேர்ந்தே வருவது. பெரும்பாலும் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அந்த மெஷினோடு வந்தது, அதோடு முடியும். பழுதான போர்டுக்குப் பதிலாகத் தயாரிப்பு நிறுவனமே மாற்றித் தந்தால் மட்டும் லைசென்ஸ் தொடரும்.

ரீடெயில்: தனியாக விலை கொடுத்து வாங்கியது. வேறு கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோகலாம். ஆனால், ஒரு நேரத்தில் ஒரே கம்ப்யூட்டர்தான்.

வால்யூம்: அலுவலகங்களுக்கு மொத்தமாகத் தரப்படுவது. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் கீகளில் இப்படிக் கசிந்தவையும் உண்டு. இன்று வேலை செய்யும், நாளை முடக்கப்படலாம்.

எது என்று தெரியவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'எஸ்எல்எம்ஜிஆர்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'டிஎல்ஐ' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் வகை இருக்கும்.

கழற்றும் முன் மூன்று வேலைகள்

1. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டதாக அங்கே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால், அங்கேயே கணக்கைச் சேர்த்துவிடலாம். போர்டு மொத்தமாகச் செத்த பிறகு இதைச் செய்ய முடியாது. எனவே, இப்போது நல்லபடியாக ஓடும் கம்ப்யூட்டரிலும் இதை இன்றே செய்துவிடுவது நல்லது.

2. ஹோம் எடிஷனா, ப்ரோவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹோம் லைசென்ஸை வைத்து ப்ரோவை ஆக்டிவேட் செய்ய முடியாது. கம்ப்யூட்டரின் பெயரையும் குறித்து வையுங்கள்.

3. இதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். டிஸ்க் என்க்ரிப்ஷன் ஆனில் இருந்தால், புது போர்டு மாட்டியதும் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கும். லைசென்ஸ் போனால் காசோடு போகும். இந்தக் கீ இல்லையென்றால் ஃபைல்களே போய்விடும். மைக்ரோசாப்ட் கணக்கில் கீ இருக்கிறதா என்று பார்த்து, பேப்பரில் எழுதி வையுங்கள்.

மாற்றிய பிறகு?

அதே ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ட்ரபிள்ஷூட்' பட்டன் இருக்கும். அதில் 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே மைக்ரோசாப்ட் கணக்கில் நுழையுங்கள். உங்கள் கம்ப்யூட்டர்களின் பட்டியல் வரும். பழைய பெயரைத் தேர்வு செய்து, இப்போது பயன்படுத்துவது இதுதான் என டிக் செய்து ஆக்டிவேட் கொடுத்தால் வேலை முடிந்தது. எத்தனை முறை இப்படிச் செய்யலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு.

அப்படியும் சரியாகவில்லை என்றால், ரீடெயில் கீ வைத்திருப்பவர்கள் அதை மறுபடி டைப் செய்து பார்க்கலாம். அதுவும் ஏற்கப்படவில்லை என்றால் பில்லுடன் மைக்ரோசாப்ட் சப்போர்ட்டை அணுகலாம். வீட்டில் கிடக்கும் விண்டோஸ் 7, 8 கீகளை நம்ப வேண்டாம். அவற்றைக் கொண்டு புதிய விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் மூடிவிட்டது.

'க்ராக் போட்டுத் தர்றோம் சார், அஞ்சு நிமிஷ வேலை' என்று கடையில் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸும் ஓடும், செக்யூரிட்டி அப்டேட்டும் வரும். வால்பேப்பர் மாற்றுவது போன்ற சில வசதிகள்தான் இருக்காது. க்ராக் மென்பொருளில் மால்வேர் ஒளிந்திருந்தால், பேங்க் பாஸ்வேர்டு வரைக்கும் பறிபோகலாம். ஓரத்தில் இருக்கும் அந்த மங்கலான வரி இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.