காலிமுகத்தில் ஒரு கடற்கரை மாளிகை

திருப்பதிக்கு வந்து இறங்கும் யாத்திரிகன் எங்கே தங்குவான் என்று நம் பாட்டனார்களைக் கேட்டிருந்தால், சத்திரம், சாவடி, மடம் என்று மூன்று சொற்களில் விடை கூறியிருப்பர். வழிப்போக்கனுக்கு இலை போடுவது அறம். போட்ட சோற்றுக்கு விலை கேட்பது இழுக்கு என்பது அக்கால எண்ணம். காட்பாடியிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்கு 1891-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. வண்டி வண்டியாக மக்கள் வந்து இறங்கிய பிறகு, சத்திரங்கள் மட்டும் போதுமானவையாக இருக்கவில்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டு அறையும் உணவும் அளிக்கும் ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ரயில் உள்நாட்டில் செய்த இவ்வேலையை, நீராவிக் கப்பல் கடற்கரைகளில் செய்தது. அவ்வாறு எழுந்த கடற்கரை ஹோட்டல்களுள் ஒன்றன் வரலாற்றையே இங்கு எடுத்துக்கொண்டேன். அது கொழும்பு நகரத்துக் கோல்பேஸ் ஹோட்டல்.

ரயில்வேயில் கணக்கெழுதுபவனுக்கு அரசர்களும் சீமான்களும் தங்கிய ஹோட்டலைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அந்த ஹோட்டலின் வரலாற்றில் பாதி, கப்பலும் ரயிலும் பற்றியது; மறு பாதி, அவற்றில் ஏறிக் கடல் கடந்து பிழைக்கப் போன நம்மவரைப் பற்றியது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களாகிய நாம் அதனை அறிந்துகொள்வது தகும்.

திடலும் பெயரும்

கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே, கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் வெளிக்குக் காலிமுகத்திடல் என்று பெயர். ‘காலி’ என்றதும் வெறுமை என்று நாம் பொருள் கொள்ளுவோம். நம் தெலுங்கு அண்டை வீட்டாரோ காற்று என்று கருதுவர். இரண்டும் அத்திடலுக்குப் பொருந்தாமல் இல்லை. எனினும் உண்மையில் காலி என்பது இலங்கையின் தென்கரையிலுள்ள பழைய துறைமுக நகரத்தின் பெயர். அந்நகரம் செல்லும் வழியை நோக்கி அமைந்த பகுதியாதலால் இப்பெயர் வந்தது என்று பலரும் கூறுவர். ஆங்கிலக் கவர்னர் சர் ஹென்றி வார்டு இத்திடலைச் சீர்படுத்திக் கடலோரமாக உலாவும் பாதை ஒன்றை 1859-இல் முடித்து வைத்தார். கொழும்பு நகரத்துப் பெண்டிர் பிள்ளைகளின் நலனுக்காக இதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரை வேண்டி, ஒரு கல்லிலும் பொறித்து வைத்தார்.

அத்திடலின் தென்கோடியில், அலைகள் வந்து மோதும் கரையின்மேல், 1864-இல் ஆங்கில வணிகர் நால்வர் சேர்ந்து கோல்பேஸ் ஹோட்டலைத் தொடங்கினர். அதே 1864-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் இலங்கையின் முதல் ரயில், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது என்பதை ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹோட்டலும் ரயிலும் ஓராண்டுப் பிள்ளைகள். இரண்டையும் வளர்த்த செல்வமும் ஒன்றே. அது மலைநாட்டுக் காப்பி. தோட்டத்துக் காப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவே ரயில் போடப்பட்டது. 1867-இல் அது கண்டியை அடைந்தது. தோட்டத் துரைமார்கள் கொழும்புக்கு இறங்கி வரும்போது தங்கி இளைப்பாற இடம் வேண்டியிருந்தது.

சூயஸ் செய்த மாறுதல்

ஹோட்டல் தொடங்கிய ஐந்தாம் ஆண்டில், 1869 நவம்பர் 17 அன்று, சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்த வழி மாறி, ஐரோப்பாவும் ஆசியாவும் அருகருகே வந்தன. ஆஸ்திரேலியாவுக்கும் சீனத்துக்கும் போகும் கப்பல்கள் நடுவழியில் நிலக்கரி நிரப்பிக்கொள்ள இலங்கை ஏற்ற இடமாயிற்று. முன்னர் இவை காலித் துறைமுகத்துக்கே சென்றன. 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர், கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். அச்சுவர் உயர உயர, கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. தன் பெயரைத் திடலுக்குக் கொடுத்த காலி தன் கப்பல்களை இழந்தது. பெயரை வாங்கிக்கொண்ட திடலுக்கு அருகே கப்பல்கள் வந்து நின்றன.

கரி ஏற்றும் நாழிகைகளில் பயணிகள் கப்பலில் இருக்கமாட்டார்கள். கரித்தூள் எல்லாவற்றின்மேலும் படியும். ஆதலின் அவர்கள் கரையிறங்கி, வண்டி வைத்துக்கொண்டு நகரத்தைப் பார்ப்பார்கள். நல்ல உணவை நாடுவார்கள். சிலர் அடுத்த கப்பல் வரும்வரை நாட்கணக்காகத் தங்குவார்கள். துறைமுகத்தின் வாயிலிலேயே கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875-இல் திறக்கப்பட்டதும் இவ்வாணிபத்தை எண்ணியே. இக்கப்பல் வழி நெடுகிலும் இதே காலத்தில் பெரிய ஹோட்டல்கள் தோன்றின. பினாங்கில் 1885-இல் தொடங்கியது ஈஸ்டர்ன் ஹோட்டல். அதுவே பின்னர் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஆயிற்று. சிங்கப்பூரில் 1887-இல் ராபிள்ஸ். பம்பாயில் 1903-இல் தாஜ்மஹால். அவற்றுக்கெல்லாம் கோல்பேஸ் மூத்தது.

காப்பி போய்த் தேயிலை வந்தது

சூயஸ் திறந்த அதே 1869-இல் இலங்கைக் காப்பிச் செடிகளின் இலையில் துருப்போன்ற ஒரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் பாழாயின. துரைமார் பலர் கடனாளிகளாகி நாடு திரும்பினர். ஆயினும் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867-இலேயே லூல்கந்துர என்னும் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் தேயிலை படர்ந்தது. ரயிலும் அதனைப் பின்தொடர்ந்து மலையேறி, 1885-இல் நானுஓயாவையும் 1894-இல் பண்டாரவளையையும் எட்டிற்று.

அந்த 1894-ஆம் ஆண்டில்தான் கோல்பேஸ் ஹோட்டலும் எட்வர்டு ஸ்கின்னர் என்னும் சிற்பியின் திட்டப்படி விரிவாகக் கட்டப்பட்டது. உயர்ந்த கூரை, அகன்ற படிக்கட்டு, தூண் வரிசை, கடலை நோக்கி நீளும் தாழ்வாரம் என்று இன்று நாம் காணும் தோற்றம் பெரும்பாலும் அப்போது அமைந்ததே. மின்விசிறி இல்லாத காலத்தில் கடற்காற்றே அங்கு விசிறியாயிற்று. தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, தேநீர் அருந்தியவாறே, கதிரவன் கடலில் இறங்குவதைக் காண்பது அங்கு வந்தவர்களின் மாலைப்பொழுதாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

தேநீர்க் கிண்ணத்தின் மறுபக்கம்

அந்தத் தேநீர் எங்கிருந்து வந்தது? மலைநாட்டிலிருந்து வந்தது. மலைநாட்டில் கொழுந்து கிள்ளியவர் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தென்னார்க்காடு, வட ஆர்க்காடு ஆகிய சீமைகளிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டுப் போன தமிழ்மக்கள். நாம் வாழும் சித்தூர்ப் பகுதி, 1911-இல் தனி மாவட்டமாகும் வரை அந்த வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்ட அம்மக்கள், தொடக்க காலத்தில் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மலைநாடு வரை காட்டு வழியே நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், மீண்டும் கொழும்பு வரை ரயில் என்று ‘போட் மெயில்’ ஓடலாயிற்று. ஒரே டிக்கட்டில் கொழும்பு போகலாம். எங்கள் துறையில் இதனை இன்றும் வியந்து பேசுவோர் உண்டு. தனுஷ்கோடியில் மீட்டர் பாதை வண்டியை விட்டு இறங்கியவர், தலைமன்னாரில் அகலப் பாதை வண்டியில் ஏறினார். நடுவே சுமார் இருபது மைல் கடல். முதல் வகுப்புப் பயணி அடுத்த காலை கொழும்பு சேர்ந்து, கோல்பேஸ் ஹோட்டலுக்குப் போகலாம். தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியோ முதலில் மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, நோய் இல்லை என்று உறுதியாகும் வரை பல நாள் அடைபட்டுக் கிடந்த பின்னரே கப்பலேற முடிந்தது. பாதை ஒன்று, பயணம் இரண்டு. ஹோட்டலின் பெருமையைச் சொல்லும் நூல்களில் முதற் பயணம் காணப்படும். இரண்டாவது பயணத்தை நாம்தான் நினைவு வைத்திருக்கவேண்டும்.

வாயிலில் நின்ற பெரியவர்

கடல் கடந்து சென்ற எளியவர் ஒருவர் இந்த ஹோட்டலின் முகமாகவே விளங்கினார் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அவர் பெயர் கொட்டாரப்பாட்டு சாத்து குட்டன். கேரளத்தில் 1920-இல் பிறந்தவர்; இளமையிலேயே பெற்றோரை இழந்து, பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்தார். 1942-இல் கோல்பேஸ் ஹோட்டலில் பணியாளாகச் சேர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் குண்டு வீசின என்றால், அவர் வேலைக்குச் சேர்ந்த காலம் எத்தகையது என்பது விளங்கும்.

பின்னர் அவர் வாயிற்காவலரானார். வெண்ணிறச் சீருடை, பெரிய நரைமீசை, கூப்பிய கை, புன்னகை ஆகிய இவையே வருவோர் முதலில் காண்பவை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே இடத்தில் பணியாற்றி, 2014 நவம்பரில், தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். உலகத்திலேயே முதிய ஹோட்டல் வாயிற்காவலர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. உரிமையாளர் மாறினர், ஆட்சி மாறிற்று, சிலோன் என்ற பெயரே ஸ்ரீலங்கா ஆயிற்று. கதவைத் திறந்து வணங்கிய கை மாறவில்லை. வந்த நாட்டில் விருந்தினராக நில்லாமல் விருந்தோம்புபவராக உயர்ந்தவர் அவர். அயலூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க வாழ்க்கை அது.

திடல் கண்ட காட்சிகள்

எல்லாருக்கும் குட்டனைப் போன்ற நிலை வாய்க்கவில்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால், மலைநாட்டுத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1956 ஜூன் 5-ஆம் நாள், சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற சட்டத்தை எதிர்த்து, செல்வநாயகம் தலைமையில் தமிழ்த் தலைவர்கள் இதே காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்தனர். அவர்களைக் கும்பல் தாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரும்புயல் தனுஷ்கோடியைப் பாழாக்கி, பாம்பனிலிருந்து சென்ற ரயிலையும் பயணிகளோடு கொண்டுபோயிற்று. போட் மெயில் அத்துடன் முடிந்தது. பின்னர்த் தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்திறங்கினர். பாட்டன் பசியோடு போன வழியிலேயே பேரன் மூட்டையோடு திரும்பினான். அங்கேயே தங்கியவருள் எஞ்சியோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை கிடைத்தது.

திடல் நல்ல காட்சியையும் கண்டது. 2022-இல் நாடு பொருளாதாரத்தில் நொடித்தபோது, சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் இத்திடலில் மாதக்கணக்கில் கூடாரமிட்டு நின்றனர். அவ்வாண்டு மே 18 அன்று, உள்நாட்டுப் போரில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை அங்கே அனைவரும் சேர்ந்து நினைவுகூர்ந்து, கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்துண்டனர். 1956-இல் தமிழர் அடிபட்ட மண்ணில் இது நிகழ்ந்தது. ஹோட்டலின் தாழ்வாரத்துக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் நிகழ்ந்தது.

மாளிகை இன்று

கோல்பேஸ் ஹோட்டல் இன்றும் நடைபெற்று வருகிறது. பழைய பகுதியைப் பழைமை கெடாதவாறு புதுப்பித்து 2015-இல் மீண்டும் திறந்தனர். கட்டிடத்தினுள் சிறு காட்சிசாலை ஒன்றும் அமைத்துள்ளனர். எலிசபெத் அரசியாரின் கணவர் பிலிப், இளம் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்தபோது வாங்கிய பழைய மோட்டார் வண்டி அங்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஆர்தர் கிளார்க் என்னும் விஞ்ஞானக் கதையாசிரியர் தம் நாவல் ஒன்றன் இறுதிப் பகுதியை இந்த ஹோட்டலில் தங்கி எழுதி முடித்தார்.

சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பில் இறங்கிவிடலாம். அங்கு செல்ல வாய்ப்புக் கிட்டும் அன்பர்கள், அறை எடுத்துத் தங்கச் செல்வம் இல்லாவிடினும், ஒரு மாலையில் அத்தாழ்வாரத்தில் அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி வருவார்களாக. குழந்தைகளை அழைத்துச் சென்றால், அவர்களுக்குக் கடலைக் காட்டுங்கள், கட்டிடத்தைக் காட்டுங்கள், அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகள் நம் ஊர்ப்பக்கத்துக் கைகள் என்பதையும் சொல்லுங்கள்.