பெயின்ட் செலவு யார் கணக்கில்?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ வீட்டைக் காலி செய்தால், பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சட்டம் வேறு சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. சாக்கடையைச் சுத்தம் செய்வது, குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. இந்தப் பிரிவினை நியாயமானது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருப்பவரைப் பொறுப்பாக்கவில்லை. வெயிலில் வெளுத்த சுவருக்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை வாங்குகிறார்கள்?

“பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கிவைத்தால்?” என்று வீட்டுக்காரர் கேட்பது சரியே. அது தேய்மானமல்ல, சேதம். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் பிசினாய் ஒட்டிய எண்ணெய், போர்வெல் தண்ணீர் குழாயடியில் விட்ட உப்புக் கறை, பரணில் விட்டுப்போன அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றை அகற்றிவிட்டுச் சாவி கொடுப்பதே முறை. ஆனால் ஒரு சுவரின் கிறுக்கலுக்கு வீடு முழுவதற்கும் பணம் பிடிப்பது அநியாயம். “ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றே” என்பார்கள். பெயின்ட் செலவு குடியிருப்பவருடையது என்று அதில் எழுதியிருந்தால் அந்த நிபந்தனை செல்லும். அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே, மொத்தத் தொகைக்குப் பதில் உண்மையான செலவை பில்லோடு கழிப்பதாக மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். குடிபுகும் நாளிலேயே அறை அறையாகப் படமெடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். நியாயமான கழிவு போக மீதி அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித்தர வேண்டும்.