சாதாரணக் குடும்பத்துக்கு நாற்காலி செய்த டேனிஷ் தச்சர்

நல்ல மரச்சாமான் என்றால் வசதி படைத்தவர்களுக்கு மட்டும்தானா? சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்குக் கிடைக்கக் கூடாதா? டென்மார்க்கில் இக்கேள்விக்கு வேலையாலேயே விடை சொன்னவர் போர்கே மோகென்சென்.

1914-ம் ஆண்டு ஆல்போர்க் நகரில் பிறந்தார். முதலில் தச்சு வேலை கற்று, 1934-ல் தொழிலில் தேறினார். பின்னர் கோபன்ஹேகன் சென்று படித்தார். அங்கே காரே கிளிண்ட் என்ற பேராசிரியரிடம் ஒரு பாடம் கற்றார்: மனிதன் எப்படி உட்காருகிறான், என்னென்ன பொருள் வைத்திருக்கிறான் என்று அளந்து பார்த்த பிறகே உளியை எடுக்க வேண்டும்.

கூட்டுறவில் பணி

1942-ல் அவருக்கு வயது 28. நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அப்போது டென்மார்க் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமை அமைப்பு, மரச்சாமான் வடிவமைக்கும் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது. சிறிய வீட்டுக்கு ஏற்றதாக, உறுதியாக, வாங்கக்கூடிய விலையில் சாமான் வேண்டும் என்பதே நோக்கம்.

அப்பணியில் 1947-ல் பிறந்ததுதான் ‘ஜே 39’ நாற்காலி. நேரான கால்கள், முதுகு சாய ஒரே ஓர் அகலப் பலகை, முறுக்கிய காகிதக் கயிற்றால் கையால் பின்னிய இருக்கை. வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. ‘மக்கள் நாற்காலி’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

சட்டையையும் அளந்தவர்

1950-ல் அவர் தனி அலுவலகம் தொடங்கினார். 1954-ல் கிரேத்த மையர் என்ற பெண் கட்டடக் கலைஞருடன் சேர்ந்து வீட்டு அலமாரிகளை வடிவமைத்தார். ஒரு குடும்பத்தில் எத்தனை சட்டைகள், எத்தனை தட்டுகள், மடித்தால் என்ன அகலம் என்றெல்லாம் கணக்கெடுத்து, அதன்படி இழுப்பறைகளின் அளவை நிர்ணயித்தார்கள். சிறு வீட்டில் ஓர் அங்குலமும் வீணாகக் கூடாதல்லவா!

1958-ல் கருவாலி மரமும் தடித்த தோலும் கொண்டு அவர் செய்த ‘ஸ்பானிஷ் நாற்காலி’ வெளிநாடுகளிலும் புகழ் பெற்றது. 1972-ல், 58-வது வயதில் காலமானார்.

ஜே 39 இன்றும் தயாராகிறது. ஆனால் கைவேலைக் கூலி ஏறிவிட்டது, பெயரும் பெரிதாகிவிட்டது. எளிய குடும்பத்துக்காகப் பிறந்த அந்த நாற்காலி, இப்போது உயர்தரக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கிறது. உருவம் மாறவில்லை, வாங்குகிறவர்கள்தான் மாறிவிட்டார்கள்.